பில் மென்பொருளில் ‘டெலிட்’ பட்டன் ஏன் இல்லை?

போன எபிசோட் கேட்டுட்டு சிலர் ஒரே கேள்வியை அனுப்பியிருந்தீங்க: “பில் பிரிண்ட் பண்ற சாஃப்ட்வேர்ல அப்படி என்ன இருக்கு? ஒரு பிடிஎஃப் எடுத்து பிரிண்டருக்கு அனுப்பினா முடிஞ்சது இல்லையா?” இன்னைக்கு அதைப் பற்றி மட்டும் பேசலாம்.

எனக்கு ஊர் பெண்ணாடம். பக்கத்துல விருத்தாசலம், பீங்கான் தொழிலுக்குப் பேர் போன ஊர். அங்கே ஒரு சின்ன யூனிட்டுக்குத்தான் இந்த மென்பொருள். பேர் வேண்டாம். ப்யூஸ் கேரியர், இன்சுலேட்டர் செய்யறாங்க. அவங்களுக்கு வேண்டியது ரெண்டே காகிதம்: வரி பில், பேக்கிங் சீட்டு.

முதல்ல பில். சரக்கு விற்றால் ஜிஎஸ்டி விதிப்படி மூணு பிரதி வேணும். முதல் பிரதி வாங்கறவருக்கு, ரெண்டாவது வண்டிக்காரருக்கு, மூணாவது விற்கறவருக்கு. இதனாலதான் அந்த ஆபீஸ்ல இன்னும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ‘கிர்ர்ர்’னு ஓடுது. அதோட ஊசி ரிப்பனைக் குத்துது, அந்த அழுத்தத்துல அடியில இருக்கற கார்பன் தாள்லயும் எழுத்து விழுது. ஒரே அடியில மூணு பிரதி. லேசர் பிரிண்டர் காகிதத்தைக் குத்தறதே இல்லை, அதனால இந்த வேலை அதால முடியாது. “இன்னுமா இதை வச்சிருக்கீங்க”ன்னு சிரிக்கறவங்க மண் தூசி பறக்கற பட்டறைக்குள்ள ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கணும்.

இங்கேதான் பிடிஎஃப் உதவாது. பிடிஎஃப் அனுப்பினா பிரிண்டர் அதைப் படமா எடுத்துக்கிட்டு புள்ளி புள்ளியா வரையும். மெதுவா வரும், மூணாவது பிரதி மங்கிப்போகும். அதனால நான் வெறும் எழுத்தாவே அனுப்பறேன். 27, 64 என்ற ரெண்டு எண் போனா பிரிண்டர் பழைய செட்டிங்கை எல்லாம் மறந்து புதுசா ஆரம்பிக்கும். அதுக்கப்புறம் ஒரு வரிக்கு 80 எழுத்து. ஆறு அங்குலத் தாள்னா 36 வரி. பொருள் பேர், எச்எஸ்என் எண், எண்ணிக்கை, விலை, வரி எல்லாம் அந்த 80 கட்டத்துக்குள்ள அடங்கணும். 37-வது வரி வந்தா அடுத்த பில்லின் தலை நகர்ந்துடும், அன்னைக்கு முழுக்க எல்லா பில்லும் கோணல்தான்.

பேக்கிங் சீட்டு வேற கதை. பெட்டி கட்டறவங்க படிக்கணும், அதனால தமிழ்ல வேணும். அந்த பிரிண்டருக்குள்ள தமிழ் எழுத்தே கிடையாது. இதுக்கு மட்டும் தனியா ஒரு சின்ன லேசர் வச்சோம். அதுலயும் ஒரு சிக்கல். ‘பெட்டி’ங்கற சொல்லை யூனிகோடில் சேமிக்கும்போது ‘ப’ முதல்ல, ஒற்றைக்கொம்பு அதுக்குப் பின்னால. காகிதத்துல கொம்பு முன்னால வரணும். இந்த இடமாற்றத்தைச் செய்யற நிரல் தனியா இருக்கு, ஹார்ஃப்பஸ்னு பேர். அதைப் பயன்படுத்தாத பிடிஎஃப் கருவிகள்ல கொம்பு ‘ட’ மேல போய் ஒட்டிக்கும். யூனிட்டோட பழைய பொருள் பட்டியலோ பாமினி எழுத்துருவில் இருந்தது. அதுல கண்ணுக்குத் தெரியற வரிசையிலேயே, கொம்பை முதல்ல தட்டி வச்சிருப்பாங்க. மாத்தும்போது ஒவ்வொரு கொம்பையும் பின்னால தள்ளணும். 16 ஆம்பியருக்குப் பதில் 32 ஆம்பியர் கேரியர் பெட்டியில போனா மொத்தமா திரும்பி வரும், பாதி உடைஞ்சு. அதனால இதை நான் சின்ன விஷயமா நினைக்கலை.

இதெல்லாம் எழுதி முடிச்சு, பாதிப் பணமும் வாங்கியாச்சு. அப்போதான் முதலாளி கேட்டார்: “தம்பி, போட்ட பில்லை அழிக்கவும் திருத்தவும் ஒரு பட்டன் வச்சுடுங்க.”

அவர் பக்கம் நியாயம் இல்லாம இல்லை. சரக்கு போய்ச் சேர்ந்ததும் “நாலு பெட்டி உடைஞ்சிருக்கு”ன்னு போன் வரும். பில்லில் அந்த நாலைக் கழிச்சுட்டா கணக்கு சரியாயிடும்னு நினைக்கிறார். முடியாதுன்னேன். “என் கம்பெனி, என் பில்லு. நான் திருத்தக்கூடாதா?”

அண்ணே, அந்த பில்லோட ரெண்டு பிரதி லாரியில போயாச்சு. வாங்கினவர் அதை வச்சுத்தான் வரிக் கடன் எடுப்பார். அவர் கையில ஒரு தொகை, நம்ம கணினியில வேற தொகைன்னா மாட்டறது ரெண்டு பேருமே. பில் எண்ணும் ஒரு நிதியாண்டுக்குள்ள தொடர்ச்சியா, திரும்ப வராம இருக்கணும், 16 எழுத்துக்கு மேல போகக்கூடாது. 118, 120ன்னு இருந்தா 119 எங்கேன்னுதான் முதல் கேள்வி வரும். உடைஞ்ச பெட்டிக்குச் சட்டத்திலேயே வழி இருக்கு, கிரெடிட் நோட். ஜிஎஸ்டி சட்டம் 34-வது பிரிவு.

“வேற ஆள் அந்த பட்டன் வச்சுத் தர்றேங்கறான்”னு சொல்லிட்டார். மீதிப் பணம் வராதுன்னே முடிவு பண்ணிட்டேன்.

பில் போடற அக்கா அதுவரைக்கும் வாயே திறக்கலை. அவங்கதான் ஒவ்வொரு பில்லிலும் கையெழுத்து போடறவங்க. மெதுவா சொன்னாங்க: “கேட்டு வந்தா என்னைத்தானே சார் கேப்பாங்க. நீங்க மாத்தச் சொன்னீங்கன்னு நான் எங்க போய்ச் சொல்றது?”

முதலாளி பதில் சொல்லலை. டீ வந்தது, குடிச்சோம், கிளம்பினேன். நாலு நாள் கழிச்சு போன் பண்ணினார். பட்டன் வேண்டாம், ஆனா கிரெடிட் நோட் ஒரே கீயில வரணும், பழைய பில்லை மறுபடி டைப் அடிக்க வைக்கக்கூடாதுன்னார். நியாயமான கேள்வி. இப்போ பில் எண்ணைக் கொடுத்து எஃப்7 தட்டினா பழைய பொருள் வரிசை அப்படியே திரையில வரும், உடைஞ்ச எண்ணிக்கையை மட்டும் போட்டா போதும். சரக்கு வெளியே போறதுக்கு முன்னாடியே நிறுத்தின பில்லுன்னா ‘ரத்து’ன்னு குறிச்சு வைக்கலாம், எண் அப்படியே இருக்கும்.

அக்கா கேட்டது ஒண்ணே ஒண்ணு. காகிதம் சிக்கிக்கிட்டா அதே பில்லை மறுபடி எடுப்பாங்க இல்லையா, அப்போ பழைய எண்ணே வரணும், கூடவே மறுபிரதின்னும் எடுத்த நேரமும் அச்சாகணும். 36 வரியில ஏற்கெனவே இடம் இல்லை. நன்றி தெரிவிக்கற வரி ஒண்ணு கடைசியில இருந்தது, அதை எடுத்துட்டேன்.