கடைவயல் வரை



பெரியப்பா போய் இன்று 31ஆம் நாள். ஊர் அவரை வட்டவிதானையார் என்றது. நான் பெரியப்பா என்று கூப்பிட்டே வளர்ந்தவன். மேடை என்பதற்காக அதை மாற்ற எனக்கு வாய் வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

88 வயது. “கலியாணச் சாவுதானே” என்று செத்தவீட்டில் ஆறுதல் சொன்னவர்கள் உண்டு. என் மனம் ஆறவில்லை.

1961இல் குருமண்வெளித் துறையில் பாதைப் படகு ஏறி, வாவியைக் கடந்து மாப்பிள்ளையாக மண்டூருக்கு வந்தவர். நம் மட்டக்களப்பு வழக்கில் வீடும் வளவும் பெண்ணுக்கு; ஆண் போய்ச் சேருகிறவன். பெரியப்பாவுக்கு மூன்றும் பெண்பிள்ளைகள். ஒவ்வொரு மகளுக்கும் தான் குடியிருந்த வீட்டையே கொடுத்துவிட்டு, அதே வளவுக்குள் அடுத்த வீட்டைக் கட்டப் போனார். மூன்று தரம் குடி பெயர்ந்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் எத்தனை போகத்து நெல் போனது என்பது பெரியம்மாவுக்கு மட்டும் தெரிந்த கணக்கு.

இரண்டாவது வீட்டுக்குச் சுவர் எழும்பி நின்றபோதுதான் 1978 நவம்பர் 23 வந்தது. அந்தச் சூறாவளி இரவைக் கண்டவர்கள் இந்தச் சபையிலும் இருக்கிறீர்கள். விடிந்து பார்த்தால் தென்னைகள் விழுந்து கிடக்கின்றன. விழுந்த தென்னையை அறுத்துத்தான் அந்த வீட்டுக்குக் கூரை போட்டார். அந்தக் கைமரங்கள் இன்றும் இருக்கின்றன, போய்ப் பாருங்கள்.

2007 மார்ச்சில் போருக்குப் பயந்து எங்கள் படுவான்கரைச் சனம் ஊரைவிட்டு ஓடியபோது, மாடுகளின் கயிற்றை அவிழ்த்துவிட்டு வாவியைக் கடந்தார். திரும்பி வந்தபோது பாதி மாடு இல்லை. அந்த மாரியும் விதைத்தார்.

இனி, நான் இங்கே சொல்லவென்று வந்த கதை.

பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: வட்டை என்றால் வயல்வெளி. அந்த வெளிக்குத் தண்ணீர் முறை வைப்பதும், வாய்க்கால் துப்புரவு செய்விப்பதும், கட்டாக்காலி மாடு இறங்காமல் பார்ப்பதும் வட்டவிதானையின் பொறுப்பு. விதைப்புக்கு முன் கமக்காரர் கூடி ஆளைத் தெரிவுசெய்வார்கள். கூலி, அறுப்பு முடிந்து ஏக்கருக்கு இவ்வளவு நெல் என்று. அதிலும் கொடுக்காமல் விடுகிறவர்கள் உண்டு.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சிறுபோகம். நவகிரிக் குளத்தில் தண்ணீர் குறைவு. எங்கள் வயலுக்கு முறை அடுத்த நாள்தான். எனக்கு 17 வயது. இரவோடு இரவாக மண்வெட்டியோடு போய் வாய்க்கால் வாயை வெட்டிவிட்டேன். தண்ணீர் சளசளவென்று எங்கள் வரவைக்குள் இறங்குகிறது. பின்னால் டோச் வெளிச்சம்.

பெரியப்பா ஏசவில்லை. என் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கி, இரண்டு கை வைக்கோலை வாயில் அடைத்து, சேற்றைக் கட்டியாக அள்ளி வைத்து மிதித்தார். ஒழுக்கு நிற்கும் வரை மிதித்தார். பிறகு, “நட மனே” என்றார்.

வரம்பால் அரை மணித்தியாலம் நடந்திருப்போம். வெளியின் கடைசிக்கு வந்ததும் டோச்சைக் கீழே அடித்தார். நிலம் பாதம் இறங்கும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது. பயிர் குடலை தள்ளி நிற்கிறது. கதிர் வயிற்றில் இருக்கிற நேரம். அப்போது தண்ணீர் தப்பினால் பதர்தான் மிஞ்சும்.

“இது ஆர்ர வயல் எண்டு தெரியுமா மனே?”

தெரியும். 1990இல் வீட்டைவிட்டுப் போன கணவன் திரும்பி வராத ஒரு தாயின் வயல். மூன்று பிள்ளைகள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அதற்குமேல் அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அதற்கும் அப்பால் இருந்தது பெரியப்பாவின் சொந்த வயல் என்பதை அடுத்த நாள் அப்பா சொல்லித்தான் அறிந்தேன். வட்டவிதானையாக இருந்த காலம் முழுதும் தன் வயலுக்குக் கடைசி முறைதான் வைத்தாராம். சில கோடைகளில் தண்ணீர் அங்கே எட்டவே இல்லை.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே உத்தரவில் நிறுத்தினார்களே, அப்போது அவரிடம் போனேன். மாட்டெருவும் குழையும் போட்டு விளைவித்துப் பழகியவர், சந்தோசப்படுவார் என்று நினைத்தேன். “ஒரு போகத்தில மண்ணைத் திருப்ப ஏலா மனே” என்றார். அதே ஆண்டு நவம்பரில் தடையை எடுத்தார்கள். அதற்குள் விதைப்பு தொடங்கியிருந்தது. பயிர் வெளிறியதை நாங்கள் எல்லோரும் கண்ணால் கண்டோம். கேட்க வேண்டியவர்கள் யாரும் இப்படி ஒரு கமக்காரனிடம் வந்து கேட்கவில்லை.

அவர் கண்மூடிய கிழமை, வெளியில் வெட்டு மெசின் இறங்கியிருந்தது. கடைசி மருமகன் ஒரு கைப்பிடி நெல்லைக் கொண்டுவந்து காட்டினார். பெரியப்பா ஒன்றை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தார். “இன்னும் ரெண்டு நாள் காயட்டும்” என்றார். இரண்டாம் நாள் அந்த நெல் படங்கில் காய்ந்துகொண்டிருக்கும்போதே அவரைக் கொண்டுபோனோம்.

பெரியோர்களே, அவரை எல்லோரும் நல்லவர் என்கிறோம். சரி. அவர் செய்தது நள்ளிரவில் எழுந்து, பாம்புக்கும் யானைக்கும் நடுவே வரம்பால் நடக்கிற வேலை. அந்த வேலைக்கு இன்று வரை ஆள் இல்லை. இளைஞர்களே, பெரும்போகக் கூட்டம் வருகிற மாதம். தயவுசெய்து வாருங்கள், உங்களில் ஒருவர் அந்தப் பொறுப்பை எடுங்கள். அந்தத் தாயின் வயல் இப்போதும் வெளியின் கடைசியில்தான் இருக்கிறது.