ரோபோக் குழுவும் நானும்



"ரோபோப் போட்டிக் குழுவில் நீங்கள் ஏன் சேர்ந்தீர்கள்?" என்று என்னை யாரேனும் கேட்டால், பெருமையாகச் சொல்லிக்கொள்ளத்தக்க விடை என்னிடம் இல்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், மோட்டார் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளனாகப் பல ஆண்டுகளாகப் பணிபுரிந்து வருகிறேன். 2011ஆம் ஆண்டு சனவரியில் ஓர் இரவு, உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த என் மகளை அழைத்துவரப் பள்ளிப் பட்டறைக்குச் சென்றேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. காரில் காத்திருக்க மனமின்றி உள்ளே போய் வாயிலோரம் ஒதுங்கி நின்றேன். அலுமினியத் தகடு ஒன்றை அரத்தால் அராவிக்கொண்டிருந்த மாணவன், "இந்த முனையைச் சற்றுப் பிடித்துக்கொள்கிறீர்களா, ஐயா?" என்றான். பிடித்துக்கொண்டேன். என் மகள் 2014இல் கல்லூரிக்குச் சென்றுவிட்டாள். நான் இன்னும் அந்த முனையை விடவில்லை.

இந்தப் போட்டியின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டீன் கேமன் என்னும் கண்டுபிடிப்பாளர் 1989இல் 'ஃபர்ஸ்ட்' என்ற அமைப்பைத் தொடங்கினார். எம்.ஐ.டி. என்னும் புகழ்பெற்ற தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் வூடி ஃபிளவர்ஸ் அவருக்குத் துணை நின்றார். தம் வகுப்பு மாணவர்களுக்கு ஒரே வகையான உதிரிப் பொருள்களைக் கொடுத்து, அவற்றைக்கொண்டு இயந்திரம் செய்து ஒருவரோடொருவர் மோத விடுவது அப்பேராசிரியரின் பாடமுறை. அதையே பள்ளி மாணவர்க்கும் விரித்தார்கள். 1992இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துப் பள்ளி உடற்பயிற்சிக் கூடம் ஒன்றில் 28 குழுக்கள் கூடின. அதுவே முதற் போட்டி.

ஒவ்வோர் ஆண்டும் சனவரித் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமையன்று புதிய ஆட்டத்தின் விதிகளை அறிவிக்கிறார்கள். ஓராண்டு பந்தை எறிய வேண்டும். மற்றோராண்டு பெட்டிகளை அடுக்க வேண்டும். சில வாரங்களுக்குள் 100 பவுண்டுக்கு மேல் எடையுள்ள ரோபோவைக் கட்டி முடித்தாக வேண்டும். ஆட்டமோ ஏறத்தாழ இரண்டரை நிமிடந்தான். ஒரு பக்கத்துக்கு மூன்று குழுக்களாக ஆறு ரோபோக்கள் களத்தில் இறங்குகின்றன. யார் யாருக்குத் துணை என்பது தகுதிச் சுற்றில் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். காலையில் எதிராளியாக நின்றவன் பிற்பகலில் கூட்டாளியாக வரக்கூடும். ஆகையால் எதிராளியின் சங்கிலி அறுந்தால், தம்மிடமுள்ள சங்கிலியை எடுத்துக்கொண்டு ஓடிச்சென்று உதவுவது அங்கே வழக்கம். நல்லெண்ணம் ஒருபுறம் இருக்க, அதில் தந்நலமும் கலந்திருக்கிறது. அதனால்தான் அவ்வழக்கம் நிலைத்ததென்று நான் எண்ணுகிறேன்.

மாணவர்கள் ஏன் சேர்கிறார்கள்? அறிவியல் ஆர்வம் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். நான் கண்டவரை, நண்பன் சேர்ந்தான் என்று வந்தவர் பலர். கால்பந்துக் குழுவில் இடம் கிடைக்காதவர் சிலர். கல்லூரி விண்ணப்பத்தில் எழுதலாம் என்று பெற்றோர் தள்ளி விட்டவர் சிலர். மாலையில் அங்கே இலவசமாகக் கிடைக்கும் பீட்ஸாவுக்காக வந்த ஒருவன் பின்னாளில் குழுத் தலைவனானான். வந்த காரணம் எளியதாயிருப்பதில் இழிவொன்றும் இல்லை.

வேறொரு கதவு அடைபட்டதால் வந்தவரும் உண்டு. அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரில் கார்ல் ஹேடன் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. அங்கே படித்த ஆஸ்கர் வாஸ்க்கெஸ் என்ற மெக்சிகோ நாட்டு இளைஞருக்கு இராணுவத்தில் சேர வேண்டுமென்பது ஆசை. குடியுரிமைத் தாள்கள் இல்லாமையால் அது கைகூடவில்லை. லஜ்வர்தி, கேமரன் என்னும் இரு ஆசிரியர்கள் நடத்திய ரோபோக் குழுவில் அவர் சேர்ந்தார். அவரும், அவரைப் போலவே தாள்கள் இல்லாத மூன்று மாணவரும், பிளாஸ்டிக் குழாய்களைக்கொண்டு நீருக்கடியில் இயங்கும் ரோபோ ஒன்றைக் கட்டினர். 2004இல் கலிபோர்னியாவில் சாண்டா பார்பரா நகரில் நடந்த போட்டியில், கல்லூரிகளுக்குரிய பிரிவிலேயே துணிந்து கலந்துகொண்டனர். பள்ளிகளிடம் தோற்பதைவிடக் கல்லூரிகளிடம் தோற்பது மேல் என்பது ஆசிரியர்களின் கணக்கு. அந்தக் கணக்கு பொய்த்தது. எம்.ஐ.டி. இரண்டாமிடத்துக்குப் போக, இந்த நால்வரும் முதலிடம் பெற்றனர். இக்கதை பிறகு நூலாகவும் திரைப்படமாகவும் வந்தது. எனினும் என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று. நால்வரும் பள்ளியை விட்டுச் சென்ற பின்னும் குழு கலையவில்லை. 2008இல் ஃபர்ஸ்ட் அமைப்பின் மிக உயர்ந்த விருதை அதே பள்ளி பெற்றது.

சேர்வது எளிது. நிலைத்து நிற்பதே கடினம். இதை நான் என் தவற்றினால் கற்றேன்.

2013ஆம் ஆண்டுப் போட்டிக்கு நான்கு நாள்களே எஞ்சியிருந்தன. பற்சக்கரப் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்த மாணவி மூன்று முறை தவறினாள். பொறுமையிழந்த நான், அவள் கையிலிருந்த ஸ்பானரை வாங்கிப் பத்தே நிமிடத்தில் வேலையை முடித்து நிமிர்ந்தேன். எல்லாரும் மகிழ்வர் என்று எதிர்பார்த்தேன். அவள் அமைதியாகக் கையைத் துடைத்துக்கொண்டு, "ஐயா, இது உங்கள் ரோபோவா, எங்கள் ரோபோவா?" என்று கேட்டாள். எனக்கு விடை வரவில்லை. அந்தப் பற்சக்கரப் பெட்டி போட்டி முழுவதும் ஒரு குறையுமின்றி ஓடியது. அந்த மாணவியோ அடுத்த ஆண்டு குழுவுக்கு வரவில்லை.

அன்றிலிருந்து பட்டறையில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கப் பழகினேன். இருபது ஆண்டு பொறியியல் தொழில் செய்தவனுக்கு அது எத்துணைக் கடினம் என்பதை நீங்கள் அறியமாட்டீர்கள். தவறான துளை விழப்போவதைக் கண்ணால் கண்டும், ஆபத்தில்லை என்றால் வாய்மூடி இருக்க வேண்டும். (ஆபத்து இருந்தால் கத்த வேண்டும். அதிலும் நான் தேர்ந்தவனே.)

2016இல் நடந்ததொன்றையும் சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் படித்த, அதிகம் பேசாத சிறுவன் ஒருவனுக்கு, ஆட்டத்துக்கு ஆட்டம் பாட்டரி மாற்றும் வேலை கொடுக்கப்பட்டிருந்தது. முக்கியமான ஆட்டமொன்றில் எங்கள் ரோபோ எதிரியோடு ஒருமுறை மோதியதும் அசைவற்று நின்றுவிட்டது. இரண்டு நிமிடத்துக்கு மேல் ஐம்பது பேர் அந்தச் சவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பாட்டரி முனையின் போல்ட்டை அவன் சரியாக முடுக்கவில்லை. தோல்வி எங்கள் கூட்டாளிகள் இருவரையும் சேர்த்துப் பாதித்தது. சிறுவன் பட்டறைப் பெட்டிகளுக்குப் பின்னால் சென்று உட்கார்ந்துகொண்டான். நான் ஆறுதல் சொல்லப் புறப்பட்டேன். குழுத் தலைவியாயிருந்த பெண் எனக்கு முந்திக்கொண்டாள். அவள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை, கண்டிக்கவும் இல்லை. அடுத்த பாட்டரியைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்து, "இன்னும் இருபத்தைந்து நிமிடத்தில் ஆட்டம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அவன் எழுந்தான். அந்தப் போல்ட்டை அவன் எத்தனை முறை முடுக்கிப் பார்த்தான் என்பதை நான் எண்ணவில்லை. நான்காண்டுப் படிப்பு முடியும்வரை அவன் எங்களோடு இருந்தான்.

என் போன்ற முதியவர்கள் ஏன் நிற்கிறார்கள் என்றும் நீங்கள் கேட்கலாம். சம்பளம் இல்லை. வீட்டில் முணுமுணுப்பு உண்டு; என் மனைவி சனவரி, பிப்ரவரி மாதங்களைத் தம் கணக்கிலிருந்தே கழித்துவிட்டார். ஆட்டம் ஆண்டுதோறும் புதிதாக இருப்பதே இதற்குப் பெரிய காரணம் என்பேன். சென்ற ஆண்டின் ரோபோ இவ்வாண்டுக்குப் பயன்படாது; சென்ற ஆண்டின் விடையும் பயன்படாது. விதிகளைப் படிக்கும் அந்தச் சனிக்கிழமையன்று, அறுபது வயதுப் பொறியாளனும் பதினான்கு வயதுச் சிறுமியும் ஒரே அறியாமையோடு ஒரே மேசையில் அமர்கிறார்கள். என் தொழிற்சாலையில் அத்தகைய நாள் எனக்கு வாய்ப்பதில்லை. பேராசிரியர் ஃபிளவர்ஸ் 2019இல் மறைந்தார். சிறந்த வழிகாட்டிகளுக்கு அவர் பெயரால் வழங்கும் விருதுக்கு, மாணவர்களே கட்டுரை எழுதி ஒருவரை முன்மொழிகிறார்கள். எனக்கு அது கிடைத்ததில்லை. ஸ்பானர் கதையை யாரோ நினைவில் வைத்திருக்கிறார்கள் போலும்!

ஒரு குறையை மறைத்தல் ஆகாது. இப்போட்டியில் சேரக் கட்டணமே ஆயிரக்கணக்கான டாலர். பொருள்கள், பயணம் என்று செலவு மேலும் பெருகும். வசதியுள்ள ஊர்ப் பள்ளிகள் ஆதரவாளர்களை எளிதில் பெறுகின்றன. எங்கள் பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றின் குழு பணமின்றி நின்றுபோயிற்று. அங்கே ஆர்வமுள்ள பிள்ளைகளுக்குக் குறைவில்லை. அவர்களில் ஐவர் இப்போது எங்கள் பட்டறைக்கு வருகிறார்கள். வாரத்தில் மூன்று மாலை என் காரில் அழைத்து வருகிறேன். ஐந்து பேருக்கு அந்தக் காரில் இடம் போதாதென்று பெரிய வண்டி வாங்கியதும் முணுமுணுப்புக்கு ஒரு காரணம்.

உறவினரைப் பார்க்க ஊருக்கு வந்த இடத்தில் வானொலி நிலையத்தார் பேச அழைத்தனர்.  சனவரியின் அந்தச் சனிக்கிழமைக்கு முன்பே நான் திரும்பிவிட வேண்டும். அந்த ஐவரையும் யார் அழைத்து வருவது என்று இன்னும் ஏற்பாடு ஆகவில்லை.