விடை அச்சிடாத புத்தகம்



நம் பிள்ளைகளின் அறிவியல் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். கையெழுத்து அவர்களுடையதாக இருக்கும், சொன்னது ஒரு வரிகூட அவர்களுடையதாக இருக்காது. கரும்பலகையில் இருந்ததை அப்படியே இறக்கி வைத்திருப்பார்கள். படமும் பாடநூலைப் பார்த்துப் போட்டதுதான். தமிழ் வகுப்பிலோ பசுவைப் பற்றியும் மழைநீரைப் பற்றியும் மனப்பாடக் கட்டுரை. ஓவியத்துக்கு ஒதுக்கிய பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிக்கொள்வார், திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை!

அறிவியல், மொழி, ஓவியம் என்ற இந்த மூன்றையும் ஒரே நோட்டுக்குள் கொண்டுவரப் பார்த்த முயற்சி ஒன்று மத்தியப் பிரதேசத்தில் நடந்தது. நர்மதைக் கரையில் உள்ள அன்றைய ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் அதைத் தொடங்கினார்கள். 'கிஷோர் பாரதி' என்ற தன்னார்வ அமைப்பும் ரசூலியா என்ற ஊரில் இருந்த கிராம மையமும் முன்னின்றன. 1978-இல் மாவட்டம் முழுவதும் பரவியது. 1982-இல் பிறந்த 'ஏகலவ்யா' நிறுவனம் பிறகு பொறுப்பை ஏற்றது.

அவர்கள் போட்ட புத்தகத்தின் பெயர் 'பால் வைஞானிக்'. அதில் கேள்வி இருக்கும், செய்முறை இருக்கும், விடை இருக்காது. அதைப் பிள்ளைதான் தன் நோட்டில் எழுதவேண்டும்.

இலைப் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்துக்கு வெளியே போய் ஒரு புல்லையும் ஓர் அவரைச் செடியையும் வேரோடு பிடுங்கி வரச் சொல்கிறோம். வெறுமனே பார்த்து எழுது என்றால், "இலை பச்சையாக இருந்தது" என்று எழுதிவிட்டுப் பிள்ளை விளையாடப் போய்விடும். வரையச் சொன்னால் கதை வேறு. அவரை இலையின் நரம்பு நடுவிலிருந்து பிரிந்து வலை போலப் பரவுகிறதா, புல்லின் நரம்பு அடியிலிருந்து நுனிவரை நெடுக ஓடுகிறதா என்று கண் தேடத் தொடங்கும். அதற்குமேல் வேரைப் பார்த்தால் ஒன்றுக்கு ஆணிவேர், மற்றதற்குச் சல்லிவேர். இன்னும் நாலு செடிகளைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "வலை நரம்பு இருந்தால் ஆணிவேர் இருக்கிறது" என்று பிள்ளை சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதினால், அது அறிவியலும்தான், மொழிப்பாடமும்தான். ஓவியம் அங்கே அலங்காரத்துக்கு வரவில்லை. அந்த வாக்கியத்துக்கு வழி காட்டியதே அதுதான்.

இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் தேர்வு. புத்தகத்தையும் தன் நோட்டையும் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம். செய்து காட்டும் தேர்வும் உண்டு. அப்படியானால் நோட்டை யாருக்காக எழுதுகிறோம்? தேர்வு நாளன்று அதைப் புரட்டப்போகும் நமக்காக. குழப்பி எழுதியிருந்தால் நாமே மாட்டிக்கொள்வோம். தெளிவாக எழுதுவதற்கு இதைவிட நல்ல காரணம் ஒரு பிள்ளைக்குக் கிடைக்காது.

'சவாலிராம்' என்று ஒரு கற்பனை மனிதரையும் உருவாக்கினார்கள். மனதில் எழுந்த சந்தேகத்தையெல்லாம் பிள்ளைகள் அவருக்குக் கடிதமாக எழுதுவார்கள், பதிலும் வரும். கடிதம் எழுதும் பயிற்சி என்று தனியாக எதற்கு?

1978-இல் அரவிந்த் குப்தா என்ற இளம் பொறியாளர் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு இந்தத் திட்டத்துக்கு வந்தார். சைக்கிள் கடையில் கிடைக்கும் வால்வு டியூபைத் துண்டுபோட்டு, அதில் தீக்குச்சிகளைச் செருகி உருவங்கள் செய்தார். நாலு குச்சிச் சதுரத்தை விரலால் தள்ளினால் சாய்ந்துவிடும், மூன்று குச்சி முக்கோணமோ அசைந்து கொடுக்காது. பாலத்தில் ஏன் முக்கோணங்கள் தெரிகின்றன என்று அடுத்த கேள்வி தானாக வரும்.

குறையும் இருந்தது. நடுநிலை வகுப்புகளில் கலை என்பது பெரும்பாலும் கண்டதை வரையும் படத்தோடு நின்றுவிட்டது என்பது என் எண்ணம். அந்த இடத்தை நிரப்பியது 1985-இல் ஏகலவ்யா தொடங்கிய 'சக்மக்' என்ற சிறுவர் இதழ். பிள்ளைகளே எழுதியதையும் வரைந்ததையும் அது அச்சில் ஏற்றியது. தொடக்கப் பள்ளிகளுக்காக அவர்கள் செய்த 'குஷி குஷி' பாடநூல்கள் மொழி, கணக்கு, சூழல் எல்லாவற்றையும் சேர்த்தே பின்னியிருந்தன. இன்னொரு சிக்கல் ஆசிரியரின் நேரம். நாற்பது பிள்ளைகள் நாற்பது விதமாக எழுதினால், உட்கார்ந்து படிக்க ஆள் வேண்டுமே. மாதாந்தரக் கூட்டங்களும் பயிற்சி முகாம்களும் வைத்துத்தான் அதைச் சமாளித்தார்கள்.

ஆயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிகளுக்குப் பரவிய பிறகு, 2002-இல் மாநில அரசு திட்டத்தை நிறுத்தியது. முப்பது ஆண்டு உழைப்பை அப்படி மூடியது தவறு என்றே நான் சொல்வேன்.

கேட்டுக்கொண்டிருக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை. வாரத்தில் ஒரு பாடவேளை, கோடு போடாத ஒரு தாள், பள்ளி வளாகத்தில் இருக்கும் ஒரு செடியோ எறும்புப் புற்றோ போதும். முதலில் வரையட்டும், பிறகு கண்டதை எழுதட்டும். அந்தத் தாளில் மட்டும் ரகர றகரப் பிழைக்குச் சிவப்பு மையில் சுழிப்பதைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். பிள்ளை என்ன பார்த்திருக்கிறது என்பதை முதலில் படியுங்கள்.