இழுத்துப் பார்த்துத்தான் கொடுப்போம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் தூண்டில் கட்டும் குழுவின் உறுப்பினர் ஒருவர் பேசியது)



ஒவ்வொரு குழுவும் தங்கள் தொழிலைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசணும் என்று தலைவி அக்கா சொன்னாங்க. கயிறு திரிக்கிற குழு பேசியாச்சு. முந்திரி உடைக்கிற குழு பேசியாச்சு. எங்க குழு செய்வது தூண்டில் கட்டும் வேலை. கடற்கரை ஊர்க்காரங்களுக்கு இது தெரியும். மேட்டுப்பக்கம் ரப்பர் வெட்டுற ஊர்களில் இருந்து வந்திருக்கிற அக்காமாருக்குப் புதுசா இருக்கும். அதனால முதலில் இருந்தே சொல்றேன்.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை ஊர்களைச் சேர்ந்த ஆண்கள் ஆழ்கடல் தூண்டில் தொழிலுக்குப் பேர் போனவங்க. தேங்காப்பட்டணத்தில் இருந்தும் கொச்சியில் இருந்தும் போட்டில் போனால் வாரக்கணக்கில் கடலில்தான் இருப்பாங்க. சுறாவும் கேரையும்தான் முக்கியமான மீன். இதுக்குப் போடுறது ஆயிரங்கால் தூண்டில். நீளமா ஒரு தாய்க்கயிறு. அதில் இடைவெளி விட்டு நூற்றுக்கணக்கில் கிளைக்கயிறு தொங்கும். ஒவ்வொரு கிளைக்கயிற்றுக்கும் ஒரு நுனியில் முள், மறு நுனியில் தாய்க்கயிற்றில் மாட்டுற கொக்கி.

அந்தக் கிளைக்கயிற்றைத்தான் நாங்க செய்து கொடுக்கிறோம். அது தடிச்ச தங்கூசி. ஏறக்குறைய 2 மி.மீ. கனம் இருக்கும். நல்ல தங்கூசியாக இருந்தால் 100 கிலோவுக்கு மேலே தாங்கும். ஆனால் இவ்வளவு தடிச்சதை முடிச்சுப் போட்டால் முடிச்சு இறுகாது. பலம் பிடிச்சு இறுக்கினாலும் தங்கூசி ஒன்றோடு ஒன்று உரசிச் சூடாகி, முடிச்சு இருக்கிற இடத்திலேயே பலம் குறைஞ்சு போகும். அதனால முடிச்சுக்குப் பதிலா 'ஸ்லீவ்' என்று ஒரு சின்ன உலோகக் குழல் போடுவாங்க. தங்கூசியை அதுக்குள்ளே விட்டு, முள்ளின் கண்ணில் கோர்த்து, திரும்பவும் அதே குழலுக்குள்ளே கொண்டு வந்து, கருவியால் அமுக்கினால் வளையம் பூட்டிக்கொள்ளும். ஒரு கிளைக்கயிற்றுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து இரண்டு ஸ்லீவ். நூறு கயிறு செய்தால் இருநூறு ஸ்லீவ்.

கேட்கும்போது லேசான வேலை மாதிரி இருக்கும். அமுக்குறதுதானே, யாரும் செய்யலாம் என்று தோணும். ஆனால் நல்லா அமுக்கின ஸ்லீவும் சரியா அமுக்காத ஸ்லீவும் வெளியே பார்த்தால் ஒரே மாதிரிதான் பளபளன்னு இருக்கும். நல்லதும் கெட்டதும் நடுக்கடலில் மீன் இழுக்கும்போதுதான் தெரியும். நான் இன்றைக்குச் சொல்ல வந்ததும் அதுதான். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத வேலையை இழுத்துப் பார்க்காமல் விற்கக் கூடாது.

வேலை எப்படி என்று சுருக்கமாச் சொல்றேன். புதுசா இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிற குழுக்கள் குறிச்சு வச்சுக்கலாம்.

முதலாவது, ஸ்லீவ். தங்கூசிக்கு அலுமினிய ஸ்லீவ்தான் நல்லது, அது மென்மையானது. இரட்டைத் துளை உள்ளதாகவோ முட்டை வடிவமாகவோ இருக்கணும். கம்பிக்கயிற்றுக்கு வருகிற கடினமான ஸ்லீவைக் கடையில் விலை குறைச்சுக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். அளவும் முக்கியம். தங்கூசியின் இரண்டு இழையும் உள்ளே சரியாகப் போகணும், ஆடக் கூடாது. தொளதொளன்னு இருந்தால் எவ்வளவு அமுக்கினாலும் உள்ளே இடைவெளி நிற்கும். ரொம்பப் பிடித்தமா இருந்தால் உள்ளே போகும்போதே தங்கூசியின் மேல்தோல் சிராய்ச்சுப் போகும்.

இரண்டாவது, தங்கூசியை விரல் நகத்தால் தடவிப் பார்க்கணும். கீறல் இருந்தாலோ, வெள்ளை பாஞ்சிருந்தாலோ அந்த இடத்தை வெட்டிப் போடணும். நுனியைக் கூரான வெட்டுக் கருவியால் நேராக வெட்டணும்.

மூன்றாவது, கோர்க்கிறது. முள்ளின் கண் படுகிற இடத்தில் தேய்மானம் வராமல் இருக்க, தங்கூசியில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் குழாயைப் போட்டுத்தான் வளையம் எடுக்கணும். ஸ்லீவுக்குள்ளே இரண்டு இழையும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கணும், ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. ஏறியிருந்தால் அமுக்கும்போது ஒன்றை ஒன்று நசுக்கிவிடும்.

நான்காவது, வால் நுனி. ஸ்லீவுக்கு வெளியே ஒரு 3 மி.மீ. நுனி நீட்டிக்கொண்டு நிற்கணும். அதை லைட்டரால் லேசாக உருக்கினால் சின்ன குமிழ் மாதிரி ஆகும். நுனி வழுக்கிக்கொண்டு உள்ளே போகாமல் இருக்க அது கூடுதல் பாதுகாப்பு. ஆனால் தீ பக்கத்தில் போகிற முழுக் கயிற்றில் படவே கூடாது. சூடு பட்ட தங்கூசியின் பலம் போயிடும். குமிழையும் ஸ்லீவோடு ஒட்ட வைக்கக் கூடாது. அமுக்கும்போது ஸ்லீவ் கொஞ்சம் நீளும், அதுக்கு இடம் விடணும்.

ஐந்தாவதுதான் அமுக்குறது. இதுக்கென்று கிரிம்பர் என்ற கருவி இருக்கு. அதன் வாயில் இரண்டு பக்கமும் குழிவாக இருக்கும், ஸ்லீவை எல்லாப் பக்கமும் சமமாக அணைச்சு அமுக்கும். கரண்ட் வேலைக்காரங்க வயர் நுனிக்கு அமுக்குற கருவியில் ஒரு பக்கம் கூராக இருக்கும். அது ஒரே இடத்தில் குத்தி, உள்ளே இருக்கிற தங்கூசியைக் காயப்படுத்தும். சாதாரணப் பிளையர் ஸ்லீவைத் தட்டையாக்குமே தவிர அணைக்காது.

ஸ்லீவின் இரண்டு வாயிலும் ஒன்றிரண்டு மி.மீ. அமுக்காமல் விடணும். இதை மறக்கவே கூடாது. அமுக்காத வாய் குழல் மாதிரி கொஞ்சம் விரிஞ்சு நிற்கும், தங்கூசி அதில் உரசாமல் வெளியே வரும். வாய் வரைக்கும் அமுக்கிவிட்டால் அந்த விளிம்பு கத்தியாகிடும். மீன் அங்கும் இங்கும் இழுக்க இழுக்க அது தங்கூசியை அறுத்துவிடும்.

ஏன் இவ்வளவு கவனம் என்று கேட்பீங்க. தங்கூசி இழுபடும்போது நீளும், நீளும்போது மெலியும். நாம அமுக்கும்போது இருந்த கனம் மீன் இழுக்கும்போது இருக்காது. ஸ்லீவ் தளர்வாக இருந்தால் அந்த நேரத்தில் வழுக்கிவிடும். அதுக்காக ரொம்ப இறுக்கினால் உள்ளேயே நசுங்கி அறுந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அளவை நாமே கண்டுபிடிக்கணும். ஸ்லீவின் அளவு மாறினாலும் தங்கூசியின் கனம் மாறினாலும் கருவி மாறினாலும் அந்த அளவும் மாறும்.

அதனால்தான் எங்க குழுவில் 50 கயிற்றுக்கு ஒன்றை எடுத்து அறுகிற வரைக்கும் இழுத்துப் பார்க்கிறோம். ஒரு பக்கத்தை இரும்புத் தூணில் மாட்டி, மறு பக்கத்தைச் செயின் பிளாக்கால் இழுப்போம். அறுந்த இடத்தைப் பார்த்தாலே காரணம் தெரியும். தங்கூசி அறுகாமல் ஸ்லீவில் இருந்து உருவிக்கொண்டு வந்தால் அமுக்கினது போதாது, இல்லைன்னா ஸ்லீவ் பெரிசு. ஸ்லீவின் வாயிலேயே அறுந்தால் அமுக்கினது அதிகம், இல்லைன்னா வாயையும் சேர்த்து அமுக்கியிருக்காங்க. ஸ்லீவை விட்டுத் தள்ளி நடுக்கயிற்றில் அறுந்தால் வேலை சரி. தங்கூசி தன் முழுப் பலத்தையும் கொடுத்துவிட்டுத்தான் அறுந்திருக்கு.

இழுத்துப் பார்க்கும்போது யாரும் கயிற்றுக்கு நேர் எதிரே நிற்கக் கூடாது. கயிற்றின் மேல் கோணிச்சாக்கைப் போட்டு மூடணும். கண்ணுக்குக் கண்ணாடி போடணும். அறுந்த கயிறு எப்படித் திரும்பி வரும் என்று கண்டவங்களுக்குத்தான் தெரியும்.

அதைக் கண்டவங்க எங்க ஊரில் இருக்காங்க. எங்க பக்கத்துத் தெருப் பையன் ஒருத்தன், கல்யாணம் கூட ஆகாதவன், போட்டு ஓரத்தில் நின்று பெரிய கேரையை இழுத்துக்கொண்டு இருந்தான். இறுகி நின்ற கயிற்றில் முள் பக்கத்து ஸ்லீவ் விட்டுப் போச்சு. மீன் கடலுக்குள்ளே போச்சு, கயிறு அவன் முகத்துக்கு வந்தது. கன்ன எலும்பில் அடி. கரைக்கு வர மூன்று நாள் ஆச்சு. கண் தப்பியது கடவுள் புண்ணியம் என்று அவன் அம்மா இன்றைக்கும் சொல்றாங்க. அந்தக் கயிற்றைக் கொண்டு வந்து எங்ககிட்ட காட்டினாங்க. ஸ்லீவ் கயிற்றிலேயே இருந்தது. அதில் இருந்து வால் நுனி வழுவழுன்னு உருவிப் போயிருந்தது, குமிழும் வைக்கவில்லை. அமுக்கின அடையாளம் தட்டையாக, பிளையரால் அமுக்கின மாதிரி இருந்தது.

அது எங்க குழு செய்தது இல்லை. யார் செய்தது என்று அந்த அம்மா கடைகடையாகக் கேட்டாங்க, யாருக்கும் தெரியல்லை. பல இடத்துக் கயிறு ஒரே கட்டாகக் கலந்து வந்திருக்கு. யாரைப் போய்க் கேட்கிறது? திட்டக்கூட ஒரு ஆள் இல்லை.

அன்றைக்கு ராத்திரி குழுக் கூட்டத்தில் நாங்க ஒரு முடிவு எடுத்தோம். எங்க கட்டு ஒவ்வொன்றிலும் செய்தவருடைய நிறத்தில் ஒரு நூல் கட்டுவோம். எனக்குப் பச்சை, எங்க ஊக்குநருக்கு மஞ்சள். ஆளுக்கு ஒரு நிறம் பதிவேட்டில் எழுதியிருக்கு. எந்தக் கட்டைப் பற்றி யார் கேட்டு வந்தாலும் செய்த தேதியும் செய்த ஆளும் சோதனையில் எங்கே அறுந்தது என்பதும் சொல்ல முடியும். முதலில் ரெண்டு மூணு பேருக்குத் தயக்கம்தான். "தப்பு வந்தால் என் பேர்தானே கெடும்" என்று கேட்டாங்க. அப்போ ஒரு வயசான அம்மா சொன்னாங்க, "மக்களே, குழுக்கடனில் நம்ம பேர் எழுதியிருக்கு, கையெழுத்து போட்டிருக்கு. அதனாலதானே தவணையை ஒழுங்காக் கட்டுறோம்?" அதுக்கு மேலே யாரும் பேசல்லை.

இப்போ உங்க எல்லோருக்கும் சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு வர்றேன். ஒரு வியாபாரி நம்ம கூட்டமைப்பில் நாலஞ்சு குழுவுக்குப் பெரிய வேலை தர்றேன்னு வந்திருக்கார். தங்கூசி, ஸ்லீவ், முள் எல்லாம் அவரே தருவார். கருவிக்குப் பதிலா பிளையர் தருவார். கயிறு எண்ணிக்கைக்குத்தான் கூலி. இழுத்து அறுத்துப் பார்க்கிற கயிற்றுக்குக் கூலியும் கிடையாது, அந்தப் பொருளின் விலையையும் பிடிப்பார். "நல்ல பொருளை எதுக்கு அறுத்து வீணாக்குறீங்க?" என்று எங்ககிட்டயே கேட்டார்.

வேலை வேணும்தான். பிள்ளைங்க பள்ளிக்கூடச் செலவு இருக்கு, தவணை இருக்கு. இங்கே யாரும் வேலையை வேண்டாம்னு சொல்ற நிலைமையில் இல்லை. ஆனால் கணக்குப் பாருங்க. நூறு கயிற்றுக்கு இரண்டு கயிறுதான் சோதனைக்குப் போகுது. அந்த இரண்டை மிச்சம் பிடிக்கிறதுக்காக மீதி 98 கயிற்றையும் தெரியாத நம்பிக்கையில் கடலுக்கு அனுப்பணும். அந்தக் கயிற்றைப் பிடிக்கப் போறது நம்ம வீட்டு ஆணுங்கதான். அப்படியே வேற ஊர்க்காரங்களாக இருந்தாலும் அவங்களும் ஒரு தாய்க்குப் பிள்ளைதானே.

அதனால கூட்டமைப்பிடம் மூன்று கோரிக்கை வைக்கிறேன். ஒன்று, சோதனைக்குப் போகிற கயிற்றையும் விலையில் சேர்த்துத்தான் எந்த வியாபாரியோடும் ஒப்பந்தம் போடணும், அதைத் தனித்தனிக் குழுவாகப் பேசாமல் கூட்டமைப்பாகப் பேசணும். தனியாகப் பேசினால் எங்களிடம் இல்லைன்னு போனவர் அடுத்த குழுவிடம் போவார். இரண்டு, இந்த வேலை எடுக்கிற ஒவ்வொரு குழுவுக்கும் சரியான கிரிம்பர் வாங்கக் கூட்டமைப்பு நிதியில் இருந்து கடன் தரணும். மூன்று, புதுசா வருகிற குழுவுக்கு நாங்க சொல்லிக் கொடுக்கத் தயார், கூலி வேண்டாம். ஆனால் அவங்க செய்த பத்துக் கயிற்றை அறுத்துப் பார்த்து, பத்தும் நடுக்கயிற்றில் அறுந்த பிறகுதான் விற்பனைக்குச் செய்யணும்.

இன்னொரு வேலைவாய்ப்பும் இதில் இருக்கு. அலுமினிய ஸ்லீவ் உப்புத் தண்ணியில், வேறு உலோகத்தோடு சேர்ந்து கிடக்கும்போது அரிக்கும். வெள்ளைப் பொடி மாதிரி பூத்துப் போகும். போட்டு கரைக்கு வந்ததும் அந்தக் கயிறுகளை வாங்கி, பூத்துப் போன ஸ்லீவையும் கீறல் விழுந்த நுனியையும் வெட்டி எறிஞ்சு, புது ஸ்லீவ் போட்டுக் கொடுக்கலாம். பழைய ஸ்லீவைத் திரும்ப அமுக்கிப் பயன்படுத்தவே கூடாது. இந்தப் பழுது வேலையை நம்பி ஒப்படைக்க ஓர் இடம் இருந்தால் போட்டுக்காரங்க கொடுப்பாங்க. அந்த நம்பிக்கையைத்தான் நாம சம்பாதிக்கணும்.

1989-ல் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் தொடங்கின காலத்தில், பொம்பளைங்களுக்குக் கடன் கொடுத்தால் திரும்பி வருமா என்று கேட்டவங்க உண்டு. அதுக்கு நாம வாயால் பதில் சொல்லல்லை, மாசாமாசம் தவணை கட்டிப் பதில் சொன்னோம். "பொம்பளைங்க அமுக்கின ஸ்லீவ் நிற்குமா?" என்று இப்போ கேட்கிறவங்களுக்கும் அதே மாதிரிதான் பதில் சொல்லணும். எங்க கூடத்துக்கு வரச் சொல்லுங்க. அவங்க கையால் எந்தக் கட்டில் இருந்து வேணும்னாலும் ஒரு கயிற்றை எடுக்கட்டும். தூணில் மாட்டி, அவங்க கண் முன்னாலேயே இழுத்துக் காட்டுறோம்.