'சுதந்திரம்'னு பேர் வெச்ச கப்பல்

ஒரு சரக்குக் கப்பலை வரவேற்க ஒரு நாட்டோட ஜனாதிபதி துறைமுகத்துல போய் நிப்பாங்களா? நின்னாங்க. 2014 அக்டோபர் 27. இடம், லிதுவேனியாவோட கிளைபெடா துறைமுகம். ஜனாதிபதி டாலியா கிரிபவுஸ்கைட்டே. வந்தது போர்க்கப்பல் இல்ல. தென் கொரியாவுல ஹூண்டாய் கட்டின, 294 மீட்டர் நீளமான ஒரு கேஸ் கப்பல். அதுவும் சொந்தக் கப்பல் இல்ல, ஒரு நார்வே கம்பெனிகிட்ட 10 வருஷ வாடகை. பேரு 'இண்டிபெண்டன்ஸ்'.

வாடகைக் கப்பலுக்கு இவ்வளவு பெரிய பேரான்னு தோணும். அதுக்கு முன்னாடி நிலைமை என்னன்னு பார்ப்போம்.

லிதுவேனியாவுல அப்போ மக்கள்தொகை 30 லட்சத்துக்கும் கொஞ்சம் கம்மி. நம்ம சென்னைல பாதிகூட இல்ல. ஐரோப்பிய ஒன்றியத்துல சேரும்போது போட்ட நிபந்தனைப்படி, இக்னலினா அணு மின் நிலையத்தை 2009 கடைசியில மூடிட்டாங்க. அதுக்கப்புறம் கேஸ் இல்லாம வண்டி ஓடாதுன்னு ஆச்சு. அங்க குளிர்காலத்துல வீட்டைச் சூடாக்குறது வசதி இல்ல, உயிர்ப் பிரச்சினை. அந்த கேஸ் மொத்தமும் பெலாரூஸ் வழியா வர்ற ஒரே குழாய்ல, ரஷ்யாவோட காஸ்ப்ரோம்கிட்ட இருந்து மட்டும்தான் வந்தது. தெருவுல ஒரே ஒரு மளிகைக் கடைதான்னா, கடைக்காரர் சொல்றதுதானே விலை? ஐரோப்பாவுலயே ரொம்ப அதிக விலை கொடுத்தவங்கள்ல இவங்களும் ஒருத்தர்.

இப்போ கொஞ்சம் டெக்னிக்கல். நம்ம வீட்டு சிலிண்டர்ல இருக்கிறது எல்பிஜி, அழுத்தம் கொடுத்தாலே திரவமாகிடும். இயற்கை எரிவாயு அப்படி மடங்காது. மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்விக்கணும். அப்படிச் செஞ்சா 600 லிட்டர் கேஸ் ஒரு லிட்டர் திரவமா சுருங்கிடும். அதுதான் எல்என்ஜி. குழாயே இல்லாம கப்பல்ல ஏத்தி எங்க வேணா கொண்டு போகலாம். ஆனா போய்ச் சேர்ந்த இடத்துல அதை இறக்கி, சேமிச்சு, திரும்ப வாயுவாக்க ஒரு முனையம் வேணும். கரைல கட்டினா பெரிய பெரிய தொட்டிகள், நிலம், பல வருஷ வேலை. நம்ம எண்ணூர்ல 2019ல திறந்தது அந்த வகைதான்.

மிதக்கும் முனையத்துல தொட்டியும் சூடாக்குற இயந்திரமும் கப்பலுக்குள்ளயே இருக்கு. துறையில நிரந்தரமா கட்டிப்போட்டுடுவாங்க. எல்என்ஜி ஏத்தின இன்னொரு கப்பல் வந்து பக்கத்துல ஒட்டி நின்னு, திரவத்தை இதுக்கு மாத்திட்டுப் போகும். இது கடல் தண்ணியோட சூட்டை வெச்சே அந்தத் திரவத்தை வாயுவாக்கி, குழாய்ல அனுப்பும். மைனஸ் 162க்கு முன்னாடி பால்டிக் தண்ணிகூட வெந்நீர் மாதிரிதான்!

அப்போ முனையம் கட்டுறதுன்னா என்ன கட்டுறாங்க? கப்பல் வெளியில இருந்து வருது. நாடு செய்ய வேண்டியது மத்ததெல்லாம். கப்பல் வர்ற அளவுக்குக் கடலடியை ஆழப்படுத்தணும், கட்டிப்போட ஒரு துறை வேணும், அங்கிருந்து நாட்டோட குழாய் வலைக்கு இணைப்பு வேணும். கிளைபெடாவுல துறை இருக்கிற தீவோட பேருக்கு 'பன்றி முதுகு'ன்னு அர்த்தம். 'சுதந்திரம்' நிக்கிறது பன்றி முதுகு பக்கத்துல. அங்கிருந்து 18 கிலோமீட்டர் குழாய்.

எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். கப்பல் வந்தது அக்டோபர்ல. ஆனா காஸ்ப்ரோம் விலையைச் சுமார் 20 சதவீதம் குறைச்சது அதே வருஷம் மே மாசம். இந்தக் கப்பல்ல இருந்து ஒரு சொட்டு கேஸ்கூட இறங்கல, அதுக்குள்ள பேரம் படிஞ்சிடுச்சு. ரெண்டாவது கடை திறக்கப் போகுதுன்னு போர்டு மாட்டினதுமே முதல் கடையில தள்ளுபடி!

ஆனா செலவு யாரோடது? கப்பல் சும்மா நின்னாலும் வாடகை ஓடும். அதனால கேஸ் உபயோகிக்கிறவங்க எல்லார் மேலயும் ஒரு தனிக் கட்டணம் போட்டாங்க. நாட்டுலயே அதிகமா கேஸ் வாங்கற யோனவா உர ஆலை கடுமையா எதிர்த்து, ஐரோப்பிய நீதிமன்றம் வரைக்கும் போச்சு. அவங்க கோபம் எனக்குப் புரியுது. இது ஒரு இன்சூரன்ஸ் பிரீமியம் மாதிரி. விபத்து நடக்காத வரைக்கும் தண்டச் செலவாத்தான் தெரியும்.

2022 பிப்ரவரியில ரஷ்யா உக்ரைன் மேல படையெடுத்தது. ஏப்ரல் தொடக்கத்துலயே லிதுவேனியா, உள்நாட்டுத் தேவைக்கு இனி ரஷ்ய கேஸ் வேண்டாம்னு நிறுத்திடுச்சு. ஐரோப்பிய ஒன்றியத்துல அப்படிச் செஞ்ச முதல் நாடு. ஜெர்மனிகிட்ட அப்போ ஒரு எல்என்ஜி முனையம்கூட கிடையாது. அவசரச் சட்டம் போட்டு, அதே டிசம்பர்ல வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன்ல முதல் மிதக்கும் முனையத்தைத் திறந்தாங்க. ஜெர்மனியில ஒரு பெரிய கட்டுமானம் அவ்வளவு சீக்கிரம் முடிஞ்சதே செய்திதான். குழாய்ல பாசி பிடிக்காம இருக்கக் குளோரின் கலந்த தண்ணியைக் கடல்ல விடறாங்கன்னு சூழலியல் அமைப்புகள் சண்டை போட்டது தனிக் கதை.

இத்தோட நிறுத்தினா இது விளம்பரப் படம் மாதிரி ஆகிடும். பாகிஸ்தானைப் பாருங்க. 2015லயே போர்ட் காசிம்ல மிதக்கும் முனையம் வந்தாச்சு. ஆனா 2022ல ஐரோப்பா அதிக விலை கொடுத்து உலகத்துல கிடைச்ச எல்என்ஜியை எல்லாம் இழுத்துக்கிச்சு. அந்த ஜூலையில பாகிஸ்தான் 10 கப்பல் கேஸ் வாங்க டெண்டர் விட்டப்போ, ஒரே ஒரு கம்பெனிகூட விலை சொல்லல. மணிக்கணக்குல மின்வெட்டு. கதவு இருந்துச்சு, வழியா வர சரக்கு இல்ல. லிதுவேனியாவோட 'சுதந்திரம்' காசிருக்கிறவங்களோட சுதந்திரம்னு நான் சொல்றது அதனாலதான். வில்னியஸ்ல வீடு சூடா இருந்த அதே நேரத்துல கராச்சியில ஃபேன் நின்னுச்சு. ரெண்டும் ஒரே சந்தை.

வங்கதேசத்துக்கு வேற தலைவலி. மகேஷ்காலி கரையைத் தாண்டி, திறந்த கடல்ல ரெண்டு கப்பல் நிக்குது. 2023 மே மாசம் மோக்கா புயல் வந்தப்போ சப்ளையை நிறுத்த வேண்டியதாச்சு. சிட்டகாங்ல அடுப்பு எரியல. 2024ல ரெமல் புயல் சமயத்துல மிதந்து வந்த ஒரு பெரிய இரும்பு மிதவை மோதி, ஒரு கப்பல் சேதமாகி மாசக்கணக்குல வேலை செய்யல. வங்காள விரிகுடா நமக்குத் தெரியாததா? கிளைபெடாவோட அமைதியான காயல் ஓரமும் இதுவும் ஒண்ணு இல்ல.

கடைசியா ஒரு தகவல். அந்த 10 வருஷ வாடகை 2024ல முடிஞ்சது. கப்பலைத் திருப்பி அனுப்பல, டிசம்பர்ல லிதுவேனியாவே விலைக்கு வாங்கிடுச்சு. பன்றி முதுகு பக்கத்துல இன்னும் அதே இடத்துலதான் நிக்குது.

உங்க ஊர்ல குழாய் கேஸ் இணைப்பு வந்திருந்தா, பில் எப்படி இருக்குன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல படிக்கிறேன்.