தாம்பாளமும் ஒரு பிடி கேழ்வரகும்

மாண்டிசோரி முறைக்கு விலையுயர்ந்த மரச்சாமான்கள் வேண்டும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. விற்பவர்களுக்கு அது வசதிதான். இத்தாலிய மருத்துவரான மரியா மாண்டிசோரி, 1907-இல் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தது ரோம் நகரில் ஏழைத் தொழிலாளர்கள் குடியிருந்த சான் லொரென்சோ பகுதியில். பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று 1939-இல் அடையாறு வந்தவர், போர் மூண்டதால் ஊர் திரும்ப முடியாமல் இங்கேயே தங்கினார். 1942 முதல் 1944 வரை அவர் வாழ்ந்த கொடைக்கானல், அந்நாளில் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது.

அவருடைய முறையின் உயிர்நாடி, வேலையே பிழையைக் காட்டிக்கொடுப்பது. மூன்று வயதுக் குழந்தையின் முன் ஒரு தாம்பாளம், அதில் இரண்டு சிறிய டம்ளர்கள், ஒன்றில் பாதியளவு கேழ்வரகு. பெரியவர் பேசாமல், நிதானமாக ஒருமுறை ஊற்றிக் காட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொள்ள வேண்டும். சிந்தியது தாம்பாளத்தில் கிடக்கும்; "கொட்டிட்டியே" என்று யாரும் சொல்லத் தேவையில்லை. குழந்தை அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கும், மறுபடி ஊற்றும். பத்தாவது தடவையும் ஊற்றினால் தடுக்கக் கூடாது. கேழ்வரகு கைவந்த பிறகு தண்ணீர்.

1 சென்டிமீட்டர் முதல் 10 சென்டிமீட்டர் வரையுள்ள பத்துக் கட்டைகளை அடுக்கும் இளஞ்சிவப்புக் கோபுரம் இம்முறையில் பெயர்பெற்றது. அளவை ஒப்பிடும் அந்தப் பயிற்சியை, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் எவர்சில்வர் டப்பாக்களும் பெரும்பாலும் தந்துவிடும். சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவச் செய்வதும் உண்டு. மணலில் எழுதிப் பழக்கிய திண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அது புதிதல்ல. ட, ப, ம என்று எளிய கோடுகளில் தொடங்கலாம்.

மதுரை வீடுகளில் மல்லிகைக்குக் குறைவில்லை. நாரால் கட்டுவது சின்ன விரல்களுக்குக் கடினம். மொட்டுகளை இரண்டிரண்டாக, காம்பு ஒரே பக்கம் வரும்படி நிரத்தி வைப்பது நான்கு வயதில் முடியும். பல்லாங்குழியில் குழிக்கு ஒன்றாகப் புளியங்கொட்டை போடும்போது, எண்ணும் பொருளும் கையில் சேர்கின்றன.

மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையிடம் புளியங்கொட்டை, சோழி, பயறு எதையும் கொடுக்கக் கூடாது. வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளும். அந்த வயதுக்கு ஒரு கூடையிலிருந்து இன்னொரு கூடைக்கு உருளைக்கிழங்கை மாற்றச் சொன்னால் போதும்.