கேள்வித்தாள் இல்லாத போட்டி

போட்டி என்றாலே ஆங்கிலம் வேண்டுமே, ஆய்வுக்கூடம் வேண்டுமே என்று தயங்கும் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்காக இன்று ஒரு தகவல்.

தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு. 1993 முதல் நாடு முழுவதும் நடந்துவருகிறது. 10 வயது முதல் 17 வயது வரை சேரலாம். தமிழிலேயே ஆய்வு செய்யலாம். ஆமாம், தமிழிலேயே.

இதில் கேள்வித்தாள் கிடையாது. கேள்வியை உங்கள் ஊரில் நீங்களே தேட வேண்டும். தெருக்குழாய் சொட்டுகிறதா? அடியில் ஒரு குடத்தை வையுங்கள். நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது? குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை குடம் வீணாகிறது? அவ்வளவுதான், ஆய்வு தொடங்கிவிட்டது.

எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்: பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளும் இதில் சேரலாம். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினருக்கு இந்த மாநாட்டில் நீண்ட அனுபவம் உண்டு. இன்றைக்கே உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் கேளுங்கள்.